ஆழ்கடலில் மறைந்தவையும் செய்தியின் ஆயுளும்

(மயிலாப்பூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



செய்தித்தாளுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கென்று நிறுவப்பெற்ற இவ்வறக்கட்டளையின் சார்பில் இவ்வாண்டு பேச வேண்டுமென்று அழைப்பு வந்தபோது, அரசியலைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ பேசுவேன் என்று உங்களில் பலர் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் கடலை எடுத்துக்கொண்டேன். மாசி மகத்தன்று இறைவனைக் கடலாட்டுக்கு எழுந்தருளச் செய்யும் மயிலைவாசிகளுக்குக் கடல் அந்நிய விஷயமன்று. இங்கிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால் சாந்தோமும் நொச்சிக்குப்பமும் வந்துவிடும். ஆயினும் நாம் அறிந்த கடல் கரையோரத்துக் கடல். அலை உடையும் இடத்தோடு நம் பரிச்சயம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதற்கும் அப்பால், அதற்கும் கீழே, ஒரு கலமோ விமானமோ படகோ மறைந்துவிட்டது என்று செய்தி வரும்போதுதான் ஆழம் என்ற ஒன்று நம் பிரக்ஞைக்குள் நுழைகிறது. அத்தகைய செய்தியை நாம் எப்படிப் படிக்கிறோம், எவ்வளவு காலம் படிக்கிறோம், எந்தக் கட்டத்தில் படிப்பதை விட்டுவிடுகிறோம் என்பதே இன்று நாம் செய்யப்போகும் விசாரம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் மறைந்தவர்களைப் பற்றி அறியத் துடிக்கும் ஆவல் மனித சுபாவம். அதை இகழ்வதற்கு நான் வரவில்லை. ஆனால், ஒரு கடிகாரத்தைப் பற்றிக்கொண்டு எழும் அந்த ஆவல், கடிகாரம் நின்றதும் தானும் அடங்கிவிடுமானால், அதனால் இறந்தவர்க்கும் பயனில்லை, இருப்பவர்க்கும் பயனில்லை. மறைந்தவர் யார், எக்காரணத்தால் மறைந்தார், அவருக்கு நேர்ந்த முடிவு எப்போது எவ்வாறு தெரிய வந்தது என்னும் மூன்றையும் கடைசிவரை பின்தொடரும் சிரத்தையாக அந்த ஆவல் முதிரும்போதே செய்தி அறத்தோடு கூடியதாகிறது. இதனை ஐந்து பகுதிகளாக விளக்க விரும்புகிறேன்.

1. ஆவல் எழும் விதம்

2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18-ஆம் தேதி, 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் சிதைவைக் காண்பதற்காக, ஓஷன்கேட் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் ‘டைட்டன்’ என்ற சிறு நீர்மூழ்கிக் கலம் ஐந்து பேரோடு வட அட்லாண்டிக்கில் இறங்கியது. நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ், டைட்டானிக் சிதைவைப் பலமுறை இறங்கிக் கண்ட பிரெஞ்சு நிபுணர் போல்-ஆன்ரி நார்ஜொலே, பிரிட்டிஷ் செல்வந்தர் ஹேமிஷ் ஹார்டிங், பாகிஸ்தானிய வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த தந்தையும் அவருடைய 19 வயது மகனும் அதில் இருந்தார்கள். இறங்கத் தொடங்கி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆன அளவில், மேலே நின்ற துணைக்கப்பலோடு கலத்துக்கு இருந்த தொடர்பு அறுந்தது.

அடுத்த நான்கு நாள்களும் உலகம் அந்த ஒரு செய்தியையே உற்று நோக்கியது. கலத்தில் 96 மணி நேரத்துக்குப் பிராணவாயு உண்டு என்ற ஒரு தகவல்தான் அச்செய்திக்கு முதுகெலும்பாயிற்று. தியாகராய நகரின் கடைத்தெருவிலும் அடையாற்றின் நடைபாதையிலும், அட்லாண்டிக்கை வரைபடத்தில்கூடத் தேடிப் பார்த்திராதவர்கள், “இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறதாம்?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நானே செவிமடுத்தேன்.

இதற்குக் காரணங்களைத் தேடிப் பார்த்தால் சில தெளிவாகப் புலப்படுகின்றன. உள்ளே இருப்பவர் ஐவர். ஐவரின் முகங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். காலத்துக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை யாரும் எண்ணிக்கொண்டிருக்கலாம். இடமோ, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கதையாகவும் திரைப்படமாகவும் உலகத்தார் மனத்தில் பதிந்துபோன கப்பலின் பக்கம். மூடிய இருளில் உயிரோடு காத்திருத்தல் என்ற அச்சமோ, குழந்தைப் பருவம் முதல் எல்லோர் நெஞ்சிலும் குடிகொண்டிருப்பது. இவை அத்தனையும் ஒருசேரக் கூடிய செய்தி பத்திரிகைக்கு அரிதாகவே கிடைக்கும். ஜனங்கள் அதை ஆவலோடு படித்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; அவர்களுடைய ஆவலின் பெரும்பகுதி அநுதாபமே என்றும் நான் நம்புகிறேன்.

2. கடிகாரம் மறைத்தவை

ஆயினும் அந்தக் கடிகாரம் உண்மையில் எதையும் அளந்துகொண்டிருக்கவில்லை என்பது பின்னரே தெரிந்தது. ஜூன் 22 அன்று, ஆளில்லாத் தொலை இயக்கக் கருவி ஒன்று, டைட்டானிக்கின் முன்பகுதியிலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில், கடற்படுகையில் டைட்டனின் உடைந்த பாகங்களைக் கண்டது. கலம் நீரின் அழுத்தத்தால் உள்நோக்கி நசுங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் சிதைந்திருந்தது. தொடர்பு அறுந்த முதல் நாளிலேயே அத்தகைய நசுங்கலுக்கு ஒத்த ஓசையை அமெரிக்கக் கடற்படையின் நீரடி ஒலியுணரிகள் பதிவு செய்திருந்தன என்பதும் அன்றுதான் வெளியாயிற்று. அவ்வோசையை மட்டும் கொண்டு எதையும் நிச்சயிக்க இயலாது என்பதால் தேடுவோர் தேடலைத் தொடர்ந்தார்கள். அது அவர்களுடைய கடமை. இடையில், நீருக்கடியில் தட்டும் ஓசை கேட்டதாக வந்த தகவல், எத்தனையோ இல்லங்களில் நம்பிக்கையை மூட்டி, பிறகு அணைத்தது.

நான் இங்கே வலியுறுத்த விரும்புவது வேறொன்று. மணிகளை எண்ணுவதில் நாம் ஆழ்ந்திருந்தபோது, கேட்கப்பட வேண்டிய கேள்வி பின்னால் தள்ளப்பட்டது. கடலில் பத்து மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. டைட்டானிக் கிடக்கும் ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் கலத்தின் மேல் விழும் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப் போல் 380 மடங்கு. இவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டிய கலத்தின் நடுப்பகுதியைக் கார்பன் இழைகளால் உருளையாகச் செய்திருந்தார்கள். எந்தத் தரச்சான்று நிறுவனத்தின் சான்றும் அதற்குப் பெறப்படவில்லை. 2018-ஆம் ஆண்டிலேயே இத்துறை வல்லுநர் பலர் கையெழுத்திட்டு இது குறித்து அச்சம் தெரிவித்திருந்தனர். ஓஷன்கேட் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஒருவர் பாதுகாப்பைப் பற்றிக் கேள்வி எழுப்பிப் பணியை இழந்திருந்தார். இவை யாவும் கலம் இறங்குவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விசாரணைக் குழு, இவ்விபத்து தவிர்த்திருக்கக் கூடியதே என்று தன் நீண்ட அறிக்கையில் தீர்ப்புரைத்தது. நான்கு நாள்கள் மணிகளை எண்ணிய நம்மில் எத்தனை பேர் அவ்வறிக்கையின் சாரத்தையாவது தேடிப் படித்தோம் என்று ஒவ்வொருவரும் தம் மனத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடிகாரம் நம் அநுதாபத்தைத் தூண்டியது. அதே சமயத்தில், அநுதாபம் சென்றடைய வேண்டிய அறிவின் வாசலை மறைத்தும் நின்றது.

3. பெயர்ப் பட்டியலின் வலிமை

டைட்டன் இறங்குவதற்கு நான்கு நாள்கள் முன்பு, அதே ஜூன் மாதம் 14-ஆம் தேதி, லிபியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட ‘ஏட்ரியானா’ என்ற பழைய மீன்பிடிக் கப்பல், கிரேக்க நாட்டின் பைலோஸ் ஊருக்கு அப்பால் ஆழ்கடலில் கவிழ்ந்தது. பாகிஸ்தானியரும் சிரியரும் எகிப்தியருமாக ஏறத்தாழ 750 பேர் அதில் நெருக்கியடித்து ஏற்றப்பட்டிருந்ததாக மதிப்பிடுகிறார்கள். உயிரோடு மீண்டவர் 104 பேர்; மீட்கப்பட்ட உடல்கள் 82. மற்றவர்கள் மத்தியதரைக் கடலின் மிக ஆழமான பகுதிகளில் ஒன்றில் மறைந்தார்கள். ஒரே வாரத்தில் நிகழ்ந்த இவ்விரண்டு துயரங்களில் ஒன்று உலகின் ஒவ்வொரு திரையையும் நிறைத்தது. மற்றொன்று சில நாள்களில் உள்பக்கத்துக்குச் சென்றுவிட்டது.

இதைச் செல்வர், ஏழையர் என்ற பேதத்தால் மட்டும் விளக்கிவிடலாம் என்று பலர் கருதுகிறார்கள். அவ்விளக்கத்தில் உண்மை உண்டு. ஆயினும் அது போதாது. டைட்டனில் ஏறியவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. ஏட்ரியானாவில் ஏறியவர்களுக்குப் பட்டியல் இல்லை. பெயர் தெரிந்தால்தான் புகைப்படம் கிடைக்கிறது. புகைப்படம் கிடைத்தால்தான் உறவினரைத் தேடிச் செல்ல முடிகிறது. உறவினர் பேசினால்தான் செய்தி அடுத்த நாளும் உயிரோடிருக்கிறது. பட்டியலில்லாதவன் எண்ணாகவே வருகிறான், எண்ணாகவே போகிறான்.

நம் நாட்டில் இதை 2017-இல் கண்கூடாகக் கண்டோம். அவ்வாண்டு நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஓகிப் புயல் சீறியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள், புயல் எச்சரிக்கை வருவதற்கு நெடுநாள் முன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் அவர்களுக்கு, கரையிலிருந்து செய்தி அனுப்ப வழியில்லை. யார் யார் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கு அரசிடம் முழுமையாக இல்லை. ஒவ்வொரு ஊரிலும் பங்குத்தந்தையர் வீடு வீடாகக் கேட்டு, எந்தப் படகில் யார் போனார், உடன் போன வெளியூர்த் தொழிலாளி யார் என்று எழுதித் திரட்டிய பட்டியலும், அதிகாரிகளின் பட்டியலும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் பல நாள் நின்றன. ஒருவன் இறந்தான் என்பதை நிரூபிக்கும் முன்னால் அவன் கடலுக்குப் போனான் என்பதையே நிரூபிக்க வேண்டிய நிலை! காணாமற்போனவனை இறந்தவனாகக் கருதுவதற்கு ஏழாண்டுகள் காத்திருக்க வேண்டுமென்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொது விதி. உடல் கிடைக்காத மீனவனின் மனைவிக்கு அந்த ஏழாண்டுகள் என்ன பொருள்படும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பெயரைப் போற்றுதல் எத்தகைய பேறு என்பதற்குப் பெசன்ட் நகர்க் கடற்கரையிலேயே ஒரு சான்று நிற்கிறது. 1930 டிசம்பர் 30 அன்று, கடலில் தத்தளித்தவர்களைக் காக்கச் சென்று தாம் மூழ்கிய ஷ்மிட் என்ற டென்மார்க்குக்காரரின் ஞாபகார்த்தமாக எழுப்பிய வெண்ணிற மண்டபம் அது. அவர் தியாகத்துக்கு அந்தக் கல் முற்றிலும் தகும். ஆனால் அதற்குச் சற்று வடக்கே ஊரூர் குப்பத்திலும் ஆல்காட் குப்பத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டல்லவா? அவர்களுடைய பெயர்கள் வீட்டாரின் ஞாபகத்தைத் தவிர வேறெங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன? அந்தக் கல்லில் பெயரைப் படிக்கும் நாம், கல்லில்லாத பெயர்களையும் கேட்டறியக் கடமைப்பட்டிருக்கிறோம்.

4. நம் விரிகுடாவில் நடந்த தேடல்

இனி நம் நகரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட சம்பவத்துக்கு வருகிறேன். 2016 ஜூலை 22 காலை எட்டரை மணியளவில், இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் ஒன்று 29 பேரோடு தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. ஒன்பது மணிக்குச் சிறிது பிந்தி, வங்காள விரிகுடாவுக்கு மேல், அதன் தொடர்பு அறுந்தது. கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் தேடின. ஆராய்ச்சிக் கப்பல்களான ‘சாகர் நிதி’, ‘சமுத்திர ரத்னாகர்’ ஆகியவையும் அப்பணியில் ஈடுபட்டன. முதல் வாரம் முழுவதும் அது தலைப்புச் செய்தி. பிறகு எழுத்து சிறுத்தது, பத்தி குறுகியது. செப்டம்பர் நடுவில் தேடல் கைவிடப்பட்டு, 29 பேரும் இறந்தவர்களாகக் கருதப்பட்டார்கள்.

கைப்பேசி வைத்திருப்பவன் நிற்கும் தெருவையே காட்டிக்கொடுக்கும் இக்காலத்தில் இவ்வளவு பெரிய விமானம் எப்படி மறையும் என்று அப்போது பலர் ஐயுற்றார்கள். அதற்கு விடை கடல்நீரின் இயற்கையிலேயே இருக்கிறது. வானொலி அலைகள் கடல்நீருக்குள் சிறிது தூரத்திலேயே தேய்ந்துவிடுகின்றன. சூரிய வெளிச்சம் ஆயிரம் மீட்டருக்குக் கீழே இல்லவே இல்லை. அங்கே நமக்குத் துணையாவது ஒலி ஒன்றே. நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும் ஒலி, விமானம் மறைந்த அந்தக் கடற்பகுதியின் அடியைத் தொட்டு மேலே திரும்புவதற்கு நாலரை நொடி பிடிக்கும். முந்திய ஆண்டு 2015 ஜூன் 8 அன்று, சென்னையிலிருந்து கண்காணிப்புக்குச் சென்ற கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் மூவரோடு மறைந்தபோது, அதிலிருந்த ஒலிக்கருவியின் சமிக்ஞையைச் ‘சிந்துத்வஜ்’ நீர்மூழ்கி கேட்டதும், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து அதன் கறுப்புப் பெட்டியை ஒரு மாதத்தில் மீட்டதும் ஆழம் ஓரளவே இருந்ததால் சாத்தியமாயின. ஏஎன்-32 விழுந்த இடத்தின் ஆழமோ அதைப் போல் மூன்று மடங்கு.

பத்திரிகை மறந்தாலும் தேடல் முற்றும் மறையவில்லை. 1993-இல் நிறுவப்பெற்று, பள்ளிக்கரணையில் இயங்கிவரும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தானே இயங்கும் ஆழ்கடல் ஊர்தி ஒன்றை அந்த இடத்தில் இறக்கியது. கயிறோ கம்பியோ மேலே பிணைக்காத அவ்வூர்தி, உழவன் சாலையொட்டிச் சால் பிடிப்பதைப் போல, அடித்தளத்துக்குச் சற்று மேலே நேர்கோடாகச் சென்று, திரும்பி, முந்திய கோட்டை ஒட்டி மறுகோடு போட்டு வரும். இருபுறமும் அது வீசும் ஒலியலைகள் திரும்பி வந்து, சேற்றுச் சமவெளியில் எது மேடு, எது பள்ளம், எது மனிதன் செய்த உலோகம் என்பதைப் படமாக்கும். ஐயத்துக்கிடமான இடங்களில் இன்னும் தாழ்ந்து, விளக்கேற்றிப் புகைப்படம் எடுக்கும். 3,400 மீட்டர் ஆழத்தில் இவ்வாறு எடுத்த படங்களில் தெரிந்த சிதைவுகள் ஏஎன்-32 விமானத்தோடு ஒத்திருக்கின்றன என்று 2024 ஜனவரியில் அரசு அறிவித்தது; இடம், சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 140 கடல் மைல். ஏழரை ஆண்டுகள் சென்றபின், 29 குடும்பங்களுக்கு ஒரு விடை கிடைத்தது.

இந்த அறிவிப்பு அக்காலத்துப் பத்திரிகைகளில் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் டைட்டனின் 96 மணி நேரத்தை விரல்விட்டு எண்ணியவர்கள் பலருக்கு, நம் நகரத்தின் நிறுவனம், நம் நகரத்துக் கரைக்கு நேர் கிழக்கே, நம் விமானத்தைக் கண்டுபிடித்த செய்தி இன்றும் புதிதாகவே இருக்கிறது. விமானம் மறைந்த செய்தியைக் கேட்டவர்கள் இலட்சோபலட்சம். கிடைத்த செய்தியைக் கேட்டவர்கள் அதில் எத்தனை பங்கு? கேள்வியை நெஞ்சில் விதைத்தவர்கள் விடையையும் கொண்டுவந்து சேர்க்க வேண்டாமா? டைட்டானிக்கே 1912-இல் மூழ்கி 1985-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. கடலின் காலக்கணக்கு அத்தகையது. நாள்தோறும் புதிய செய்தி வேண்டும் பத்திரிகை, அந்தக் கணக்கோடு இசைந்து பொறுமை காக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

5. இனி ஆற்ற வேண்டியவை

அதே பள்ளிக்கரணையில் இன்று ‘மத்ஸ்யா 6000’ உருவாகிக்கொண்டிருக்கிறது. 2021-இல் மத்திய அரசு அங்கீகரித்த ஆழ்கடல் திட்டத்தின் ஒரு பகுதியாக, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அழைத்துச் செல்வது அதன் நோக்கம். மனிதர் அமரும் இடம் 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியக் கலவைக் கோளம். அதன் சுவரின் கனம் 80 மில்லிமீட்டர். அழுத்தத்தை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்து தாங்குவதற்குக் கோளத்தினும் சிறந்த வடிவமில்லை. 2025 பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள்; அவ்வாண்டு ஆகஸ்டில் நம் நாட்டவர் இருவர் பிரான்சின் ‘நாட்டீல்’ கலத்தில் அட்லாண்டிக்கில் இறங்கிப் பயிற்சி பெற்றார்கள்; அவர்களில் ஒருவர் 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் கண்டார். வழக்கமான பயணம் 12 மணி நேரம். ஆபத்து நேர்ந்தால் உயிர்காக்கும் ஏற்பாடு 96 மணி நேரத்துக்கு.

அதே 96! இவ்வெண்ணை நாம் மறுபடியும் அச்சத்தோடு எண்ணும் நாள் வரவே கூடாதென்று பிரார்த்திக்கிறேன். பிரார்த்தனையோடு நின்றுவிடலாகாது என்றும் சொல்கிறேன். கோளத்தின் பற்றவைப்பு எவ்வாறு சோதிக்கப்படுகிறது, தரச்சான்று அளிப்பவர் யார், ஆளில்லாமல் எத்தனை ஆழம் இறங்கிய பின் ஆள் ஏறுவார் என்ற கேள்விகளை நம் பத்திரிகைகள் இப்போதே, கலம் இறங்குவதற்கு முன்பே, மதிப்போடும் விடாமுயற்சியோடும் கேட்க வேண்டும். அங்கே உழைக்கும் விஞ்ஞானிகளுக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை. சரியாகக் கேட்கப்பட்ட கேள்வி, மிகச்சிறந்த தேடுதல் வேட்டையைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

முடிவாக மூன்று கர்த்தவ்யங்களை இவ்வவையின் முன் வைக்கிறேன். முதலாவது, பெயர்: கடலில் மறைந்தவர் எவராயினும், செல்வராயினும் கடலோடியாயினும் அகதியாயினும், அவருடைய பெயரை அறியும் வரை நிருபர் ஓயக் கூடாது. ஓகிக்குப் பின் விசைப்படகுகளில் செயற்கைக்கோள் வழித் தொடர்புக் கருவி பொருத்தும் பணி நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது. அக்கருவி ஒவ்வொரு ஆழ்கடல் படகிலும் இருக்கிறதா, இயங்குகிறதா என்று பார்ப்பதும் பெயரைக் காக்கும் பணியே. இரண்டாவது, காரணம்: விபத்து நடந்த நாளில் முதல் பக்கம் கொடுத்தவர்கள், விசாரணை அறிக்கை வந்த நாளிலும் அதே முதல் பக்கத்தைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, முடிவு: கண்டுபிடிக்கப்படாத ஒவ்வொரு மறைவுக்கும் பத்திரிகை ஒரு கணக்கு வைத்து, ஆண்டுக்கொரு முறையாவது அதைத் திறந்து, தேடல் எந்த நிலையில் இருக்கிறது என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும்.

வாசகர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாம் எதைத் தேடிப் படிக்கிறோமோ அதையே பத்திரிகை நாளைக்கும் எழுதும். அடுத்த முறை ஆழ்கடலிலிருந்து அத்தகைய செய்தி வருமாயின், எத்தனை மணி நேரம் மிஞ்சியிருக்கிறது என்று கேட்பதோடு நில்லாமல், உள்ளே இருப்பவர் யார், அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்தது எது என்றும் கேளுங்கள். செய்தி நின்றபின் ஒரு மாதம் கழித்தும், ஓராண்டு கழித்தும் அதையே கேளுங்கள். ஜனங்கள் கேட்பதை நிறுத்தாத வரையில் எந்தத் தேடலும் முழுமையாகக் கைவிடப்படுவதில்லை.